அக்காவின் வீட்டில் ஒரு அறை: ஒதுங்கியே இருந்து பழகியவன் ஆட்கள் நிறைந்த வீட்டில் எப்படி இருப்பது?

வாவிக்கரையான்:

ஊர் மட்டக்களப்புப் பக்கம். சரியான இடத்தைச் சொன்னால் நாளைக்கே பெத்தாவின், அதாவது பாட்டியின், காதுக்குப் போய்விடும், அதனால் வேண்டாம். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, கலியாணம் கட்டவில்லை. கொழும்பில் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு இடத்தில் வேலை. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். ஊரடங்கு போனது, அந்தப் பழக்கம் போகவில்லை. வெள்ளவத்தையில் ஒரு சின்ன அனெக்ஸ், இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம், சாப்பாடு வாசலுக்கே வரும். நாட்கணக்கில் யாரோடும் வாய் திறந்து பேசாமல் இருந்திருக்கிறேன், அது எனக்குக் கஷ்டமாகவும் இருக்கவில்லை. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலத்திலும் கணக்கு நேரத்துக்கு முடிய வேண்டும் என்றார்கள். முடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் லப்டொப்பைத் திறக்கவே கை போகாத நிலை வந்ததும் வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது இருப்பது அக்காவின் வீட்டில். அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அம்மா, பெத்தா, இப்போது நான். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு வளவு எல்லாம் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதியாயிற்று. நான் பிறந்து வளர்ந்த வீடுதான், ஆனால் என் வீடு இல்லை. நான் படித்த அறையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது, அதை எடுத்துவிட்டு இடம் தந்தார்கள். கதவு கறையான் தின்று கழற்றியாயிற்று, சீலை தொங்குகிறது.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அன்பாகத்தான் இருக்கிறார்கள், பிரச்சினையே அதுதான். விடிய அஞ்சு மணிக்குக் குசினியில் சட்டி பானை, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகும் அவசரம், பத்து மணிக்கு அயலாட்கள், பின்னேரம் ரியூஷன் பிள்ளைகள், இரவில் நாடகம். வாற போற எல்லாருக்கும் ஒரே கேள்வி, "எப்ப மனே மறுகா கொழும்புக்கு?" பதில் சொல்லவே மனசு களைத்துப்போகிறது. நேற்று அம்மாவின் சிநேகிதி ஒருவர் சீலையை விலக்கி எட்டிப் பார்த்து, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போனார்.

இப்படி ஒரு வீட்டில் தலை வெடிக்காமலும் மற்றவர்களுக்குச் சுமையாகாமலும் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தனி அறை எடுத்துப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். காசும் இல்லை, திரும்பவும் தனியாக இருந்தால் வெளியே வருவேனா என்ற நம்பிக்கையும் இல்லை.

படுவான்கரையான்:

தம்பி, வட்டைக்கு, வயல்வெளிக்குப் போங்க. இதற்கு மேல் ஒரு மருந்து இல்லை. வெள்ளாமைக்குள் இறங்கினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் தண்ணி வந்ததா என்றுதான் கேட்பார்கள். உடம்பு முறிந்தால் தூக்கம் தானாக வரும்.

எழுவான்_தாதி:

படுவான்கரை அண்ணன் நல்ல மனசோடு சொல்கிறார், ஆனால் பற்றரி இறங்கின ஆளை வெயிலில் வரம்பு வெட்ட அனுப்பினால் அடுத்த நாள் எழும்ப மாட்டார். கொஞ்சம் பொறுங்கள்.

நான் தாதி, மனநலப் பிரிவில் கொஞ்சக் காலம் இருந்தேன். முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலையால் வெந்து போவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் விளக்கியபோது, அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்றுதான் சொன்னது. மூன்று அடையாளம்: சக்தி முழுதாக வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்போ விலகலோ வருவது, தன்னால் ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியாது என்ற எண்ணம். மூன்றுமே நீங்கள் எழுதியதில் தெரிகிறது. ஆனால் மனச்சோர்வு நோய் வேறு. அது வேலையை விட்டாலும் விடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பம் இல்லை, தூக்கமும் பசியும் குழம்பிக் கிடக்கிறது, இருந்து என்ன பிரயோசனம் என்ற நினைப்பு வருகிறது என்றால் அறையை மாற்றுவதால் தீராது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைரொயிட் குறைந்தாலும், இரத்தச்சோகை என்றாலும் இதே மாதிரிச் சோர்வு வரும், அதற்கு ஒரு இரத்தப் பரிசோதனை போதும்.

கிளினிக் வாசலில் ஊராட்கள் கண்டுவிடுவார்கள் என்ற பயம் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணிநேரமும் இருக்கிறது, முதலில் அதிலாவது கதையுங்கள்.

இன்னொன்று, இரவு வேலையில் பழகின உடம்பு பகலில் தூங்கத்தான் பார்க்கும். வீடு எழும்பும் நேரம் உங்களுக்கு நடுச்சாமம். சத்தம் அவ்வளவு கொடுமையாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். விடியற்காலை வெளிச்சம் கண்ணில் பட வேண்டும், முற்றத்தில் நின்றாலும் போதும்.

தில்லை_மாமா:

இதெல்லாம் சோம்பல். எங்கள் காலத்தில் 78 சூறாவளி, சண்டை, சுனாமி எல்லாம் பார்த்தோம், அறைக்குள் போய்ப் படுக்கவா செய்தோம்? ஒரு கலியாணத்தைக் கட்டி வைத்தால் எல்லாம் சரி வரும். இல்லையென்றால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எழுவான்_தாதி:

மாமா, சூறாவளியையும் சுனாமியையும் பார்த்த பிறகு அறைக்குள் படுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களை நீங்கள் காணவில்லை, நாங்கள் கண்டோம். கலியாணம் என்றால் வாற பிள்ளையின் கதையையும் கொஞ்சம் யோசியுங்கள். அங்கொடைப் பகிடியை விடுங்கள், அந்தப் பகிடிக்குப் பயந்துதான் ஆட்கள் பிந்தி வருகிறார்கள்.

அக்கா_கட்சி:

நான் மற்றப் பக்கம். என் தம்பியும் இப்படித்தான் வந்தான், கொழும்பில் இருந்து அல்ல, கட்டாரில் இருந்து. அவன் வந்து என் வீட்டில் இருந்த காலத்தை நான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

தம்பிமார் அறைக்குள் படுத்துக் கிடக்கும்போது அது தங்கள் சொந்தக் கஷ்டம் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. அந்தச் சீலைக்கு இந்தப் பக்கம் வீடு முழுக்க மெதுவாக நடக்கிறது. பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அடக்குவது நான். அவன் சாப்பிட்டானா என்று அம்மா ஒரு மணித்தியாலத்துக்கு நாலு தரம் கேட்பது என்னிடம். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, அது மூடினபடியே இருப்பதை இரவு பார்த்துக் கோழிக்குக் கொட்டுவதும் நான். இவருக்கு, என் மனுஷனுக்கு, வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியாது, மச்சானைப் பற்றிச் சொன்னால் நான் என்ன நினைப்பேனோ என்று. அதனால் அவர் பின்னேரங்களில் வெளியே இருக்கத் தொடங்கினார். அதையும் நான்தான் சமாளித்தேன்.

இவ்வளவுக்கும் எனக்கு அவன் மேல் ஒரு கோபமும் இல்லை. தெரியாமல் இருந்ததுதான் கொடுமை. இன்றைக்கு எழும்புவானா, சாப்பிடுவானா, ஆட்கள் வந்தால் வெளியே வருவானா, ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அவனே வந்து, "அக்கா, நான் இரவைக்கு மட்டும் உங்களோட சாப்பிடுறன், பகல்ல என்னைத் தேட வேணாம், பசிச்சா நானே போட்டுச் சாப்பிடுவன்" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு என் தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவன் அதற்குப் பிறகும் பகலில் படுத்துத்தான் கிடந்தான், ஆனால் எனக்கு அது பாரமாக இருக்கவில்லை.

அதனால் நீங்கள் வீட்டாரிடம் எப்போது வெளியே வருவீர்கள், எப்போது வர மாட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள், அழுவார். அக்காவிடம் சொல்லுங்கள். வீடு அவருடையது, ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதை அவர் சொல்வார்.

ஸ்கார்பரோ_குளிர்:

நான் கனடாவில் பதினைந்து வருஷம் பேஸ்மென்ட்டில் இருந்தவன், தனிமை பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். சுருக்கமாக ஒரு விஷயம். மாதா மாதம் ஒரு காசை அக்காவின் கையில் வையுங்கள். சின்னத் தொகையாக இருக்கட்டும். காசு கொடுத்தால் உங்களுக்கு உரிமையும் வரும், ஆட்கள் கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

அக்கா_கட்சி:

கனடா முறை இங்கே சரி வராது. தம்பி சாப்பாட்டுக்குக் காசு நீட்டினால் அம்மா மூன்று நாள் சாப்பிட மாட்டார். கரண்ட் பில்லைக் கட்டுங்கள், வைபை பில்லைக் கட்டுங்கள். அது யாருக்கும் குத்தாது. பில் எங்கே என்று அத்தான் தேடும்போது கட்டியாயிற்று என்று தெரிந்தால் அவருக்கும் சந்தோஷம்.

சம்மாந்துறை_இரவுப்பறவை:

எங்கள் ஆட்களிடமும் இதே வழக்கம்தான், வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பார். நானே மாமி வீட்டில்தான் இருக்கிறேன். இதை வாசிக்கும்போது ஒரு யோசனை வந்தது, சரியா தெரியாது, சொல்கிறேன்.

கிழக்கில் ஆம்பிளைகளுக்குச் சொந்த வீடு என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. பிறந்தது தாயின் வீடு, அது சகோதரிக்குப் போகும். வாழ்வது மனைவியின் வீடு. அப்படியென்றால் எங்கள் வாப்பாமார், உங்கள் அப்பாமார் எப்படிச் சமாளித்தார்கள்? வீட்டுக்குள் இல்லை. வயல் வாடியில் இருந்தார்கள், தோணியில் இருந்தார்கள், பள்ளிவாசல் திண்ணை, கோயில் மண்டபம், சந்தித் தேத்தண்ணிக் கடை. வீடு சாப்பிடவும் படுக்கவும். வெளியே ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருந்தது, அங்கே அவர் சும்மா இருந்தாலும் யாரும் ஏன் இருக்கிறாய் என்று கேட்டதில்லை. மாமி வீட்டில் முதல் வருஷம் எனக்கும் மூச்சு முட்டியது. பள்ளிவாசலுக்குப் போய், தொழுகை முடிந்தும் அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு இருப்பேன். பக்கத்தில் நாலு பேர் அப்படியே இருப்பார்கள். ஒருவரும் கதைக்க மாட்டோம்.

உங்களுக்கு இருப்பதெல்லாம் அந்த ஒரு அறை மட்டும். அக்காவின் வீட்டுக்குள் உங்களுக்கு ஒரு இடம் தேடுகிறீர்கள், இந்த ஊரில் அது யாருக்குமே கிடைத்ததில்லை. வெளியே ஒன்றைத் தேடுங்கள்.

பழைய_வாத்தியார்:

சம்மாந்துறைத் தம்பி சொல்வதில் பொருள் இருக்கிறது. மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்று தாய்வழி உரிமையைச் சொல்லும் தனிச் சட்டமே ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்தது. சட்டம் 19ஆம் நூற்றாண்டோடு வழக்கொழிந்தது, வழக்கம் போகவில்லை. குடி என்கிற குலப் பிரிவும் தாய்வழியில்தான், கோயிலில் மரியாதையும் அந்தக் குடியை வைத்துத்தான். இந்த முறையில் தாய்மாமனுக்கு ஒரு கனம் உண்டு. வாவிக்கரையான் தன்னை அக்காவின் வீட்டில் ஒண்டியிருப்பவனாகப் பார்க்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் மாமன். மருமக்களோடு ஒரு வேலையாவது வைத்துக்கொள்ளலாமே. கணக்காளர், கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாமலா?

வாவிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றாகப் பதில் எழுதத் தெம்பு இல்லை. வாத்தியார் ஐயா, கணக்கைத் தவிர வேறு எது என்றாலும் சொல்லித் தருவேன், இலக்கங்களைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டுகிறது. தாதி அக்கா, இரத்தம் பார்த்தேன், ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, குளிசை தந்திருக்கிறார்கள். மற்றதற்கும் 1926க்கு எடுத்தேன், மறுமுனையில் இருந்தவர் அவசரப்படுத்தவில்லை. கிளினிக்குக்குத் திகதி இருக்கிறது.

அக்கா_கட்சி அக்கா எழுதியதை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒரு சின்ன வாக்குவாதம்: மூடி வைக்கும் சோறே ஒரு நெருக்குதல்தான். அதைப் பார்த்ததும் யாரோ காத்திருக்கிறார்கள் என்று தோன்றி, எழும்பிப் போவது இன்னும் கஷ்டமாகிறது.

அக்கா_கட்சி:

அப்படியென்றால் அதையும் சொல்லுங்கள், மூடி வைக்க வேண்டாம் என்று. எங்களுக்கு எப்படித் தெரியும்?

எழுவான்_தாதி:

இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஜப்பானில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை, பள்ளி, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விட்டு வீட்டோடு அடைந்து கிடப்பவர்களை ஹிகிகொமோரி என்கிறார்கள். அவர்களில் பலர் தனி வீட்டில் இல்லை, பெற்றோர் வீட்டில்தான். கதவுக்கு வெளியே தாய் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார். அப்படியே வருஷக்கணக்காகப் போகும். ஆட்கள் நிறைந்த வீட்டிலும் ஒருவர் முழுத் தனியனாக இருக்கலாம், வீடே அதற்கு உதவியும் செய்யும். அதனால் மூடி வைத்த சோற்றை நிறுத்தச் சொல்வது நல்ல காரியம். அம்மாவுக்கு ஒரு கிழமை கஷ்டமாக இருக்கும்.

வாவிக்கரையான்:

கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அக்காவிடம் பேசினேன். கிணற்றடியில் வைத்து, அவள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. விடிய எழும்புவேன், பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை என்னைக் கூப்பிடக் கூடாது, இரவுச் சாப்பாடு எல்லோரோடும். அவள் "சரிடா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் அத்தான் ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். நான் கேட்கவே இல்லை. உள்ளே கொண்டி இல்லை, அதையும் நான் கேட்கவில்லை.

அம்மாவுக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. மூன்று மணிக்குக் கதவைத் தட்டி, "உன்னைக் கூப்பிடல்ல மனே, தேத்தண்ணி மட்டும்" என்கிறார்.

வேலை என்று ஒன்றைத் தேடியபோது எல்லோரும் பெரிய பெரிய வேலையாகச் சொன்னார்கள். கடைசியில் கிடைத்தது மீன். விடிய வாவிக்கரைக்குத் தோணிகள் வரும், அங்கே போய் அன்றைய கறிக்கு மீன் வாங்கி வருவது. முன்பு அத்தான் வேலைக்குப் போகிற அவசரத்தில் வாங்கிக்கொண்டு வருவார், இல்லையென்றால் சைக்கிள்காரரிடம் அம்மா விலை பேசிப் பேசி வாங்குவார். இப்போது நான் போகிறேன். இறாலும், மணலை, செத்தல் மீன்களும் வரும், கொடுவா வந்தால் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். தாதி அக்கா சொன்ன விடிவெளிச்சமும் கிடைக்கிறது. சம்மாந்துறை நண்பர் சொன்ன இடமும் அதுதான் போல, தோணி வரும் வரைக்கும் பத்துப் பதினைந்து பேர் குந்திக்கொண்டு தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முதல் நாள் ஒருவர் "நீ ஆற்ற மகன்?" என்று கேட்டார், சொன்னேன், "ஓ" என்றார். அதற்குப் பிறகு கொழும்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பெத்தாவுக்கு நான் வாங்கி வரும் மீனில் தினமும் ஒரு குறை. செவுளைப் பார்த்து வாங்கத் தெரியாதாம். அதைக் கேட்க எனக்கு நன்றாகவே இருக்கிறது, வந்ததிலிருந்து என்னைப் பாவம் பார்க்காமல் பேசின ஒரே ஆள் அவர்தான்.

சரி வராதவை: இரவு நாடகச் சத்தம் அப்படியேதான். காதுக்குப் பஞ்சு வைத்தால் பிள்ளைகள் கூப்பிடுவது கேட்பதில்லை, கோபிக்கிறார்கள். வெக்கையான கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கதவு வந்ததால் அறைக்குள் காற்று இல்லை, மேலே அஸ்பெஸ்டஸ் கூரை. இரண்டிலிருந்து ஐந்து வரை உள்ளே அவிகிறேன். ஆட்கள் வந்தால் இன்னும் பின்பக்கத்தால் போகிறேன், சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. அம்மன் கோயில் சடங்கு வருகிறது, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்குச் சொந்தக்காரர் எல்லோரும் வந்து நிற்பார்கள். என் அறையைக் கல்முனை மாமிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். விறாந்தையில் பாய் போடச் சொல்கிறாள் அக்கா. அது நியாயம்தான். ஆனால் அத்தனை பேரோடு அத்தனை இரவுகள், நினைக்கவே உடம்பு விறைக்கிறது.

தில்லை_மாமா:

கதவு போட்டது சரி. கூரைக்குக் கீழே தென்னோலையால் ஒரு தட்டி கட்டினால் சூடு பாதி குறையும். குளிர்த்தி அன்றைக்கு மட்டும் ஒளிக்காமல் கோயிலுக்குப் போய் நில்லும், கூட்டத்தில் ஒருவரும் உம்மைப் பார்க்கப் போவதில்லை.

அக்கா_கட்சி:

மாமா சொன்னதோடு ஒன்று. சடங்கு வீட்டில் அக்காவுக்கு எவ்வளவு வேலை இருக்கும் தெரியுமா? அந்த நாட்களில் விடிய மீன் இல்லை, மரக்கறிதான். சந்தைக்குப் போகிற வேலையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் வேறு எங்காவது படுக்கப் போனாலும் அவர் கோபிக்க மாட்டார், ஆனால் முதலே சொல்லிவிட்டுப் போங்கள்.

படுவான்கரையான்:

தம்பி, ஆரம்பத்திலேயே வட்டைக்கு வா என்று சொன்னேன், தாதி தங்கச்சி மறித்துவிட்டார். இப்போது வரலாம்தானே? சிறுபோக வெள்ளாமை நிற்கிறது, இரவில் யானை வருகிறது, பரணில் என்னோடு காவலுக்கு ஒரு ஆள் தேவை. வரம்பு வெட்டச் சொல்ல மாட்டேன், கதைக்கவும் சொல்ல மாட்டேன், கண் முழித்திருந்தால் போதும், அது உங்களுக்குப் பழக்கமான வேலை. முந்தி மாதிரி மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்து நிற்கவும் தேவையில்லை, 2014இலிருந்து பாலம் இருக்கிறது, சந்தைக்கு விடியவே திரும்பிவிடலாம்.

எழுவான்_தாதி:

ஒவ்வொரு இரவும் வேண்டாம், திருத்தின தூக்கம் திரும்பக் குழம்பிவிடும். இரண்டு மூன்று இரவு என்றால் சரி, மற்ற நாள் அவர் காவல் பார்க்கட்டும், நீங்கள் வாடியில் தூங்குங்கள். இரும்புக் குளிசையை மறக்க வேண்டாம். கிளினிக் திகதியையும்.

வாவிக்கரையான்:

அக்காவிடம் கேட்டேன், போகச் சொல்லிவிட்டாள். அண்ணன், இலக்கத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். என்ன கொண்டு வர வேண்டும்?

படுவான்கரையான்:

நுளம்பு வலை, டோர்ச், போர்த்துக்கொள்ள ஒன்று. யானை வெடி என்னிடம் இருக்கிறது. வரும்போது இரண்டு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வாருங்கள், இங்கே கடை தூரம்.